தம்புள்ளைக்கு இடமாற்றக் கடிதம் கொடுத்தது யார்?

அனுப்புநர்: மாத்தளை மாவட்டத்தில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கும் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் (இனி, மனுதாரர்).

பெறுநர்: கோடம்பாக்கத்திலும் கொழும்பிலும் சரித்திரப் படம் எடுத்துவரும் மாட்சிமை தங்கிய பெரியோர்கள் சமூகம்.

பொருள்: தம்புள்ளை தாய்லாந்துக்கு இடமாற்றம் செய்யப்பட்டமைக்கு எதிரான மேன்முறையீடு.

தங்கள் சமூகம் நீடூழி வாழ்க என்று மனுதாரர் முதற்கண் வாழ்த்துகிறார். வாள் உடையாமலும் குதிரை இடறாமலும் கிராபிக்ஸ் பிசகாமலும் தங்கள் படப்பிடிப்புகள் நடந்தேற மாத்தளை முத்துமாரியம்மனை வேண்டிக்கொள்கிறார். வேண்டுதல் முடிந்தபடியால் விஷயத்துக்கு வரலாம்.

மனுதாரரின் தங்கை குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கோத்தகிரிப் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பம். அந்தத் தங்கையின் பேரன் சென்ற மாதம் இலங்கை பார்க்க வந்தான். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, கையில் நல்ல கெமரா, மனதில் நல்ல மரியாதை. மனுதாரர் அவனைத் தம்புள்ளைக் குகை விகாரைக்கு அழைத்துப் போனார். தோள்பையில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் இரண்டாம் பாகம். படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, "தம்பி, வந்தியத்தேவன் வந்த ஊர் இதுதான். யானைப் பாகன் வேடத்தில் அருள்மொழிவர்மனை அவன் பார்த்தது இங்கேதான்" என்று அந்த அத்தியாயத்தைத் திறந்து காட்டினார். பிள்ளை பொறுமையாகக் கேட்டான். குகைகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சொன்னான்: "தாத்தா, தப்பா எடுத்துக்காதீங்க. படத்துல வந்த இலங்கை இதைவிட இலங்கை மாதிரி இருந்துச்சு."

அதோடு விட்டானா? தாய்லாந்துக்கு டூர் போனபோது ஒரு புத்தர் சிலைக்கு முன்னால் எடுத்த படத்தைத் தொலைபேசியில் காட்டி, "இதுதான் ஒரிஜினல்" என்றான். பக்கத்தில் நின்ற சிங்கள வழிகாட்டிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் சிரித்த சிரிப்பு மனுதாரரின் சேவைக்காலக் கோப்பில் சேர்க்கப்பட வேண்டியது.

இடமாற்றம் என்பது மனுதாரருக்குப் புதிதல்ல. வருடாந்த இடமாற்றம், தண்டனை இடமாற்றம், கஷ்டப் பிரதேச இடமாற்றம், அமைச்சருக்கு வேண்டப்பட்டவர் வருவதற்காக வேண்டப்படாதவர் போகும் இடமாற்றம் என எல்லாம் பார்த்தவர். ஆனால் எதிலும் ஒரு கடிதம் வரும். கல்வி வலயத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். மேன்முறையீடு செய்ய அவகாசம் இருக்கும். தம்புள்ளைக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததாகப் பிரதேச செயலகத்தில் எவரும் சொல்லவில்லை. 2019 டிசம்பரில் அந்த நாவலைப் படமாக்க மணிரத்னம் அவர்களின் படக்குழு தாய்லாந்துக்குப் போனது. 2022 செப்டம்பர் 30ஆம் தேதி முதல் பாகம் வெளியானது. அன்று முதல் கல்கியின் இலங்கை தாய்லாந்தில் கடமையேற்றுவிட்டது.

தாய்லாந்தை மனுதாரர் குறை சொல்லவில்லை. அங்கும் புத்தர் இருக்கிறார், யானை இருக்கிறது, காடு இருக்கிறது. படமும் கண்ணுக்கு விருந்துதான். கடற்கரையும் புயலும் வந்தபோது மனுதாரர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். ஜெயராமின் ஆழ்வார்க்கடியானும் கார்த்தியின் வந்தியத்தேவனும் ஒருவரையொருவர் சீண்டியபோது வாய்விட்டுச் சிரித்தார். ஐந்து பாக நாவலை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்குவது லேசான காரியமில்லை என்பதும் தெரியும். ஆகவே ஊர் போனதற்கு மட்டுமே இந்த முறைப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். ஆளணி விஷயத்திலும் சில குளறுபடிகள் உண்டு.

சேந்தன் அமுதன் விவகாரத்தை எடுத்துக்கொள்ளலாம். கல்கியின் புத்தகத்தில் பூமாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் இந்தப் பையன்தான் கடைசியில் கண்டராதித்தர்–செம்பியன் மாதேவியாரின் உண்மையான பிள்ளை என்று தெரியவருகிறது. உத்தம சோழனாக முடிசூடுவதும் அவனே. ஆயிரக்கணக்கான பக்கங்கள் காத்திருந்து வாங்கிய பதவி உயர்வு. படத்தில் ரகுமான் நடித்த மதுராந்தகருக்கே முடி போனது. சேந்தன் அமுதனின் பதவி உயர்வு காரணம் காட்டாமல் நிறுத்தப்பட்டது. பூக்கூடையோடு பழைய தரத்திலேயே இருக்கிறான். கடம்பூர் மணிமேகலையின் நிலை இதிலும் மோசம். கந்தமாறன் இருக்கிறான், மாளிகை இருக்கிறது, தங்கையின் பதவி மட்டும் இல்லாதொழிக்கப்பட்டிருக்கிறது. நாவலின் கடைசிப் பக்கங்களில் வந்தியத்தேவன் மடியில் உயிர்விட்டு ஒரு தலைமுறையையே அழவைத்தவள் அவள். மனுதாரரின் அம்மா, எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்று கொழுந்து பறிக்கப் போகவில்லை. கங்காணி கேட்டதற்கு, வீட்டில் ஒரு சாவு என்றாராம்.

கல்கி செய்யாத இடமாற்றமா என்று தங்கள் சமூகம் கேட்கலாம். நியாயமான கேள்வி. இராஜராஜனாக முடிசூடிய அருள்மொழிவர்மனின் படை அநுராதபுரத்தை வீழ்த்தியது 993 வாக்கில். ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துப் போனது 1017இல், இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் காலத்தில். அதற்குப் பல வருடங்கள் முந்திய கதையில் இளவரசனை இலங்கைக்கு அனுப்பி, புத்த பிக்குமார் தாமாகவே முன்வந்து சிங்காதனத்தை அவன் காலடியில் வைப்பதாக எழுதியவர் கல்கி. சூளவம்சத்தைத் திறந்தால் அதே சோழர்கள் விகாரைகளைக் கொள்ளையிட்டவர்களாக நிற்கிறார்கள். பேனாவால் செய்த இந்த மாற்றம் சாதாரணமானதல்ல. மாத்தளையில் இருந்து படிக்கும் தமிழனுக்கு அது ஒரு பக்கம் இனிக்கும், மறுபக்கம் உறுத்தும்.

ஆனால் கல்கியிடம் கோப்பு இருந்தது. நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார், திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பெயர் பொறித்த உடையார்குடிக் கல்வெட்டு என்று எதை எங்கே எடுத்தார், எங்கே கற்பனையைக் கலந்தார் என்பதை வாசகரிடம் ஒளிக்கவில்லை. ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு வந்து இந்த மண்ணைப் பார்த்தார். அதனால்தான் நாவலின் தம்பள்ளையில் (அவர் எழுதியது அப்படித்தான்) போர் நடக்கும் நாட்டில்கூடப் பக்தர் கூட்டம் பூவும் கையுமாகச் சாவகாசமாக நடக்கிறது. சீன யாத்திரிகர் இருவர் யானைமேல் ஏறிச் சிகிரியாச் சித்திரம் பார்க்கப் போகிறார்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்தாலும் தம்புள்ளை வீதியில் தாமரை மொட்டு விற்கிறார்கள், சிகிரியாவுக்குச் சீனர்கள் போகிறார்கள். யானையிலிருந்து வேனுக்கு மாறியிருக்கிறார்கள், அவ்வளவே.

சிகிரியா என்றதும் கொழும்புப் பெரியோர்களின் முகம் மலர்வதை மனுதாரர் இங்கிருந்தே உணர்கிறார். அவர்களையும் தனியே விட்டுவிட முடியாது.

சிகிரியாவின் மூலக் கதையும் சூளவம்சத்தில் இருக்கிறது. காசியப்பன் தன் தகப்பன் தாதுசேனனிடம் புதையல் எங்கே என்று கேட்கிறான். தகப்பன் கலாவாவித் தண்ணீரைக் கையில் அள்ளி, என் சொத்தெல்லாம் இதுதான் என்கிறான். மகன் அவனைச் சுவரோடு வைத்துப் பூசிக் கொல்கிறான். பதினெட்டு வருடம் ஆண்ட பிறகு, இந்தியாவிலிருந்து திரும்பிய தம்பி முகலனோடு போர். சேற்று நிலத்தைக் கண்டு அரசனின் யானை திரும்புகிறது. அரசன் ஓடுகிறான் என்று நினைத்துப் படை ஓடுகிறது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறான். இதற்குமேல் ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு என்ன வேண்டும்? லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவர்கள் 1970களின் நடுவில் இதை ஆங்கிலத்தில் எடுத்தார். அவரைவிடப் பெரிய கலைஞர் இந்த நாட்டுச் சினிமாவில் இல்லை. மனுதாரர் எழுந்து நின்றே இதைச் சொல்கிறார். ஆயினும் காசியப்பன் பதவிக்கு லீ லோசன் என்ற ஆங்கிலேயரும், சேனாதிபதி மிகாரனின் பதவிக்கு ஒலிவர் டோபியாஸ் என்பவரும் நியமிக்கப்பட்டனர். உள்ளூர் ரவீந்திர ரந்தெனியவுக்குத் தம்பி முகலன் வேலை கிடைத்தது. அதிபர் பதவி வெளியாளுக்கு, உதவி அதிபர் பதவி உள்ளூர்க்காரருக்கு! இந்த வழக்கம் கல்வித் திணைக்களத்தில் மட்டும்தான் என்று மனுதாரர் அதுவரை நினைத்திருந்தார்.

இதே மாவட்டத்தில் ஒரு கட்டடத்தை முறையாக இடமாற்றிய முன்மாதிரி இருப்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாலந்தாவில் ஒரு கெடிகே இருக்கிறது. பல்லவர் பாணிக் கற்கோயிலின் உருவம், உள்ளே புத்த வழிபாடு. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அது மூழ்கும் என்று கண்டு, கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். கல்லுக்கே அவ்வளவு மரியாதை கொடுத்த மாவட்டம் இது.

மாத்தளையிலிருந்து வடக்கே சற்றுத் தூரம் போனால் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில், வலகம்பா அரசன் காலத்தில், அதுவரை வாய்வழியாக வந்த திரிபிடகத்தைப் பிக்குமார் ஏட்டில் எழுதியதாகச் சொல்லப்படும் இடம். அந்த வரலாற்றை வைத்து 2017இல் 'ஆலோகோ உதபாதி' என்ற சிங்களப் படம் வந்தது. புத்தகம் எழுதியதைப் பற்றி ஒரு முழுப் படம்! ஆசிரியத் தொழில் பார்த்தவர் என்ற முறையில் மனுதாரர் மெய்சிலிர்த்துப் போனார். பிறகு தமிழர்கள் வரும் கட்டம் வந்தது. அவர் கதிரையில் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்தார்.

மகாவம்சம் சொல்வதும் அதுதான்: மாதோட்டத்தில் தமிழ்த் தலைவர்கள் எழுவர் வந்திறங்கினார்கள், வலகம்பா அநுராதபுரத்தை விட்டு ஓடினான், ஐவர் மாறி மாறி ஆண்டார்கள், அரசன் பதினான்கு வருடம் மறைந்து திரிந்தான். தம்புள்ளைக் குகைகளில் அவன் ஒளிந்திருந்ததை ஊர் இன்றும் நன்றியோடு சொல்கிறது. படம் புத்தகத்துக்கு விசுவாசமாக நடந்துகொண்டது, குறை சொல்ல இடமில்லை. அந்தத் தமிழ்த் தலைவர்களில் ஒருவராக வந்தவர் தர்ஷன் தர்மராஜ். அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' படத்தை ஒற்றை ஆளாகத் தோளில் சுமந்த கலைஞன். சிங்களத் திரை அவருக்கு அதிகம் கொடுத்தது துப்பாக்கி தூக்கும் தமிழன் வேடத்தையே. அந்தத் தரத்திலிருந்து மாற்றம் கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தாலும் தங்கள் அலுவலகத்தில் எவர் படித்திருப்பார்? சோழர்கள் தாய்லாந்தில் ஜெயித்த படம் வெளியாகி இரண்டாம் நாள், 2022 ஒக்டோபர் 2ஆம் தேதி, நாற்பத்தொரு வயதில் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஆக நிலவரம் இது. மாத்தளைத் தமிழன் வெள்ளித்திரையில் வீரனாக வேண்டுமானால் தாய்லாந்துக்குப் போக வேண்டும். சொந்த மாவட்டத்திலேயே இருக்க விரும்பினால் வில்லனாகக் கடமையாற்றலாம். வேறு வெற்றிடம் எதுவும் தற்போது இல்லை.

வேறு வெற்றிடம் உண்டு என்பதை எடுத்துக்காட்டவே இந்த மேன்முறையீடு. மாதோட்டத்திலிருந்து காட்டு வழியே தம்புள்ளைக்கு வருகிறான் வந்தியத்தேவன். மகாவம்சத்தின் எழுவர் இறங்கியதும் மாதோட்டமே. அந்தப் பக்கத்து மன்னார்க் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னொரு கூட்டம் இறங்கியது. கையில் வாள் இல்லை, ஓலை இல்லை, முத்திரை மோதிரமும் இல்லை. பெரிய கங்காணி பிடித்துவந்த கோப்பித் தோட்டத்துக் கூட்டம். மன்னாரிலிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். பிறகு கண்டிச் சீமையெங்கும் பிரிக்கப்பட்டார்கள். 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் செத்திருப்பார்கள் என்று அன்றைய கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்குப் போட்டது. வாந்திபேதி, காய்ச்சல், பசி. நடக்க முடியாதவனைப் பாதையோரம் விட்டுவிட்டுப் போனார்கள். எழுபதாயிரம் பேர், ஐயா! வந்தியத்தேவன் குதிரைக்குக் கால் வலித்தால் குளோசப் வைக்கிறீர்களே, இந்தப் பாதையில் விழுந்தவனுக்கு உங்கள் முழுச் சினிமாவிலும் ஒரு ஷாட் கிடையாதா? எங்கள் பாட்டன் முகம் உங்கள் கெமராவுக்கு அவ்வளவு அழகில்லாமல் போய்விட்டதா?

மேற்படி இரண்டு வாக்கியங்களைக் கோப்பிலிருந்து நீக்கிவிடும்படி தங்கள் சமூகத்தைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறார். மனுதாரருக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்தளை ஆஸ்பத்திரிக் குளிசையை அன்று காலையில் போட்டிருக்கவில்லை.

2023இல் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் ஏப்ரல் 28ஆம் தேதி வெளியானது. அதே வருடம் ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டு நடந்தது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டானதை நினைத்து, முன்னோர் நடந்த அதே பாதையில் நடந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். காலில் கொப்புளம் வந்தது நிஜக் கொப்புளம். செட் போட வேண்டியிருக்கவில்லை, பாதை அங்கேயே இருந்தது. தங்கள் சமூகத்திலிருந்து லொக்கேஷன் பார்க்க எவரும் வந்ததாக மனுதாரருக்குத் தகவல் இல்லை.

மூலப் புத்தகம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964லேயே வந்துவிட்டது. சி.வி.வேலுப்பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் என்று இந்த மாவட்டத்து எழுத்தாளர்களைக் கொண்டே ஓர் அலுமாரியை நிரப்பலாம். படம் எடுக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை என்பதும் பொய். மாத்தளை கார்த்திகேசு 'அவள் ஒரு ஜீவநதி' தயாரித்தார், 1980இல் திரைக்கு வந்தது. செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' 1978லேயே படமாகிவிட்டது. கையில் காசு இல்லாதவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுப் படம் எடுத்த காலம் அது.

பக்கத்து மாவட்டத்தில் பிறந்த எம்.ஜி.ஆர். 1958இல் 'பொன்னியின் செல்வன்' எடுக்கப்போவதாக அறிவித்தார். அது நடந்திருந்தால் தம்புள்ளைக்கு ஒரு பாட்டாவது கிடைத்திருக்கும் என்று மனுதாரரின் அப்பா சாகும்வரை நம்பினார். நம்புவதற்கு வரி கிடையாது.

தோட்டத்து மக்களைத் தாங்கள் திரும்பியே பார்க்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். பி.எச்.டேனியல் என்ற டாக்டர் வால்பாறைத் தோட்டங்களில் தொழிலாளரிடம் கேட்டறிந்ததை 1969இல் ஆங்கில நாவலாக எழுதினார். இரா.முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். அதிலிருந்து பாலா 2013இல் 'பரதேசி' எடுத்தார். கங்காணியின் சூழ்ச்சியும் தீராத கடனும் அந்தப் படத்தில் வந்ததைப் பார்த்துக் கந்தேநுவரப் பக்கத்துக் கிழவிகள் வாயடைத்துப் போனார்கள். நல்ல காரியம். ஆனால் புத்தகத்தில் தொழிலாளிக்காகத் துரைமாரோடு மல்லுக்கு நிற்கும் டாக்டர், திரைக்கு வந்ததும் ஆடிப்பாடி மதம் மாற்றும் கடமைக்கு மாற்றப்பட்டிருந்தார். எழுதியவரே ஒரு டாக்டர்! தன் தொழிலைத் தானே எழுதிவைத்த மனிதனுக்கும் தண்டனை இடமாற்றமா?

ஆகவே மனுதாரர் கோருவதாவது: தம்புள்ளையைத் தாய்லாந்திலிருந்து உடனே விடுவித்துத் தாய் நிலையத்தில் கடமையேற்கச் செய்க. அது முடியாது போனால், தாய்லாந்துக்காவது தம்புள்ளை என்று பெயர்ப்பலகை போட ஆவன செய்க. சேந்தன் அமுதனின் நிலுவைப் பதவி உயர்வை முன்தேதியிட்டு வழங்குக. மணிமேகலைக்கு ஒரு வசனமாவது கொடுக்குக. காசியப்பன் பதவி இனி வெற்றிடமானால் உள்ளூர் விண்ணப்பங்களையும் பரிசீலிக்குக.

மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வரும் அந்த வடக்குப் பாதையைப் படமாக்க என்றைக்காவது மனம் வந்தால், நடப்பதற்கு ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் சொல்லி அனுப்பினால் போதும், குடும்பத்தோடு வருவார்கள். ஒரேயொரு நிபந்தனை: ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக 2015இல் கேட்கத் தொடங்கி 2021 வரை காத்திருந்த சனங்கள் அவர்கள். தோட்டத்துக் கணக்கில் அல்லாமல் சினிமாக் கணக்கில் சம்பளம் கொடுக்க வேண்டும், மாலையில் இறங்கும்போது கையிலேயே கொடுக்க வேண்டும், எடை குறைந்தது என்று எதையும் கழிக்கக் கூடாது.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மனுதாரர்,
மாத்தளை.

பிரதி: சேந்தன் அமுதன், நந்தவனம், தஞ்சாவூர் – தகவலுக்கும் தேவையான நடவடிக்கைக்கும்.